கடல் கடந்த தேனீ

தேனீ என்றவுடன் தேன்கூடே நம் நினைவுக்கு வரும். ஆயின், மனிதர் பெட்டி வைத்து வளர்க்காத காட்டுத் தேனீக்கள் உலகில் ஆயிரக்கணக்கான வகையின. குளிர்நாடுகளில் வாழும் பம்பிள் தேனீயும் அவற்றுள் ஒன்று. பருத்த உடலும் அடர்ந்த மென்மயிரும் கொண்டது. நம் வீட்டு முகட்டைத் துளைக்கும் கருவண்டை ஓரளவு ஒத்தது.

இவ்வினத்துள் குறுமயிர்ப் பம்பிள் தேனீயின் வரலாறு விந்தையானது. நியூசிலாந்திற் குடியேறிய ஆங்கிலேயர் கால்நடைத் தீவனத்துக்காகச் சிவப்புக் குளோவரைப் பயிரிட்டனர். பயிர் செழித்தது, விதையோ போதிய அளவு பிடிக்கவில்லை. அதன் குழாய் போன்ற பூவின் ஆழத்தை எட்டும் நீண்ட நாவுடைய தேனீ அங்கே இல்லை. ஆகவே, 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பம்பிள் தேனீ இராணிகளைக் குளிரூட்டிய கப்பலிற் கொண்டுசென்று விட்டனர். குறுமயிர்த் தேனீயும் அந்நாட்டிற் குடிகொண்டது.

பிறந்த நாட்டில் அதன் கதி வேறு. முன்பு பூத்து முதிர்ந்த பின் அறுத்து உலர்த்திய புல்லை, பூக்குமுன்பே அறுத்துப் பதனிடும் வழக்கம் பரவிற்று. பல புல்வெளிகள் உழப்பட்டன. 1930களுக்குப் பின் அரை நூற்றாண்டில், பூமலிந்த புல்வெளிகளில் ஏறக்குறைய 97 வீதம் மறைந்தன. 1988இல் கெண்ட் பகுதியின் டஞ்சனஸ் கடற்கரையிற் காணப்பட்டதே இத்தேனீயின் கடைசிப் பதிவு. 2000ஆம் ஆண்டில் அது பிரித்தானியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

மீட்கும் திட்டம் 2009இல் தொடங்கிற்று. நியூசிலாந்துத் தேனீக்களையே திரும்ப அழைக்கலாமென முதலில் எண்ணினர். ஆனால் அவை மிகச் சில தாய்களின் வழித்தோன்றல்கள். வளர்ப்பு முயற்சியும் கைகூடவில்லை. பின்னர், தென் சுவீடனிற் பிடித்த இராணிகளை நோய்ச் சோதனை செய்து, 2012 மே மாதத்தில் ஐம்பது வரையில் டஞ்சனஸில் விட்டனர்.

தேனீயைக் கொணருமுன் நிலத்தைத் திருத்தத் தொடங்கியதே இத்திட்டத்தில் நாம் பெரிதும் மெச்சுவது. இவ்விராணி மற்றவற்றினும் பிந்தியே துயிலெழும். ஆகவே ஒரு மாதம் பூத்து ஓயும் மலர்ப்பாத்தி அதற்கு உதவாது. கோடை முழுதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கள் வேண்டும். அயலிலுள்ள கமக்காரர்களைக் கண்டு பேசி, வயலோரங்களிற் குளோவர் முதலியவற்றை விதைக்கச் செய்தனர். காப்பகத்து வேலிக்குள் மட்டும் வேலை செய்திருந்தால் இது கூடியிராது.

2013இல் வேலைத் தேனீக்கள் தென்பட்டன. பின்னரும் சில ஆண்டுகள் இராணிகள் விடப்பட்டன. எனினும் குறுமயிர்த் தேனீ அங்கே நிலைகொள்ளவில்லை. பணம் வீணாயிற்று என்று சிலர் கூறக்கூடும்; நாம் அவ்வாறு கருதவில்லை. அவ்வயலோரப் பூக்களை நாடி, அப்பகுதியிற் கால் நூற்றாண்டாகக் காணப்படாதிருந்த மற்றோர் அரிய பம்பிள் தேனீ, எவரும் கொண்டுவந்து விடாமலே வந்து சேர்ந்தது.