கத்திக்கு முந்திய வணிகம்

கத்தியின் கூர்மை சாணையில் பிறப்பதாகத் தோன்றும். உண்மையில் அது உருக்கில் இருக்கும் கரிமத்தின் அளவைப் பொறுத்தது. கரிமம் மிகக் குறைந்த தேனிரும்பை எவ்வளவு தீட்டினாலும் விரைவில் மழுங்கும். நூற்றுக்கு 0.6 பங்கு அளவில் கரிமம் இருந்தால், காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்த அலகு நன்கு இறுகும். 2 பங்கைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பாகி நொறுங்கும். இந்த அளவறிந்து உருக்கைக் கொடுப்பது நெடுங்காலமாகவே தனி வணிகம்.

அந்த வணிகத்தில் இலங்கைக்குப் பழைய பங்கு உண்டு. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றிய நூலில் சரண்தீபு, அதாவது இலங்கை, உருக்கைக் குறிப்பிடுகிறார். சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், துருத்தியில்லாமல் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். அதே அமைப்பில் உலை கட்டி இயக்கிப் பார்த்து, முடிவை 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்.

தென்னிந்தியாவில் இரும்புத் துண்டுகளை ஆவாரை விறகோடும் இலைகளோடும் களிமண் மூசையில் அடைத்து, வாயைப் பூசி, உலையில் வைத்தார்கள். இரும்பு கரிமத்தை ஏற்று உருகியது. மெல்ல ஆறியதும் கைக்கடக்கமான கட்டியாயிற்று. ‘வூட்ஸ்’ என்று ஐரோப்பியர் அழைத்தது இதைத்தான். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து பாரசீகத்துக்கு இக்கட்டிகள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறின. வாள் அடித்தவர்கள் அங்கே. உருக்குக் கொடுத்தவர்கள் இங்கே. இலண்டன் கத்திக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் வூட்ஸைப் பயன்படுத்தினார்; அதன் இயல்பை அறிய மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து ஆராய்ந்தார். வூட்ஸ் அலகில் ஓடும் நீரலைக் கோலத்துக்கு வனேடியம் போன்ற கலப்புகளின் நுண்ணளவே காரணம் என்று வெர்ஹோவனும் பென்ட்ரேயும் 1998இல் விளக்கினர். தாது மாறி அக்கலப்புகள் இல்லாமற்போனால் கோலமும் போய்விடும்.

இன்று ஆலைகள் உருக்கைத் தொன் கணக்கில் விற்கின்றன. கத்தி செய்பவருக்கு வேண்டியதோ சில பட்டைகள். இடையில் நிற்கும் வணிகர் மொத்தமாக வாங்கி, நறுக்கி, கலப்பின் அளவையும் தோய்ச்சலுக்கான வெப்பநிலையையும் சேர்த்துக் கொடுக்கிறார். அவர் விற்பதில் பாதி உருக்கு. மீதி அதைப் பற்றிய அறிவு.

வட்டக்கச்சி போன்ற வன்னியின் வேளாண் ஊர்களில் கொல்லருக்கு இந்த வணிகரின் இடத்தில் இருப்பது பழைய இரும்பு. லொறியின் ஸ்பிரிங் தகட்டில் பெரும்பாலும் 0.6 பங்கு அளவில் கரிமம் உண்டு. அதிர்ச்சி தாங்குவதால் காட்டுக்கத்திக்கு ஏற்றது. ஆனால் அதனுடன் கலப்பு விவரம் எதுவும் வருவதில்லை. ஓடித் தேய்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். அதனால் சிறு துண்டைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, அரத்தால் உரசி, பிறகு உடைத்துப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கினால் உருக்கு இறுகியிருக்கிறது; உடைந்த முகம் நுண்மணலாகத் தெரிந்தால் காய்ச்சிய சூடு சரி, பருமணலாகத் தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது.