ஒரு முதுகுப்பையும் பல நாடுகளும்



கோடை விடுமுறை வந்தால் எங்கள் பிள்ளைகள் பலர் 'இன்ரர்ரெயில்' ரிக்கெற் எடுத்துக்கொண்டு ஐரோப்பா சுற்றப் புறப்படுகிறார்கள். 1972 இல் தொடங்கிய திட்டம் இது. இன்று ஒரே ரிக்கெற்றில் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் ரெயில்களில் போகலாம். 27 வயது வரை கட்டணமும் குறைவு. இந்த வருடம் என் தங்கையின் மகளும் சிநேகிதிகளோடு ஒரு மாதம் போகிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் வானொலியிலும் சொன்னேன்.

எங்கள் வீடுகளில் பை கனப்பது உடுப்பால் அல்ல. பாரிஸில் சித்தி, சூரிச்சில் பெரியப்பா, ஒஸ்லோவில் மாமி என்று வீட்டுக்கு வீடு நாங்கள் கட்டிக்கொடுக்கும் பார்சல்களால்தான். மறுத்துச் சொல்லப் பிள்ளைக்கு வாய் வராது. ஆனால் சட்டம் கைகொடுக்கும். 2021 ஜனவரி முதல் பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பயணிகள் இறைச்சியோ பாலுணவோ கொண்டுபோக முடியாது. ஆட்டிறைச்சி றோல்ஸ், தயிர் எல்லாம் அதில் அடங்கும். தாவரச் சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலையும் கூடாது. லா சப்பலில் இறங்கினால் கிடைக்காத தமிழ்ச் சாமானும் இல்லை, பிறகு ஏன் சுமப்பான்?

உடுப்பில் மூன்று சோடி போதும்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். ஜீன்ஸ் காய நாளெடுக்கும், ஒன்றுக்கு மேல் வேண்டாம். தடித்த துவாய்க்குப் பதில் ஒரு சாரம் வையுங்கள். துடைக்கலாம், போர்க்கலாம், விடுதியில் கட்டிலுக்கு மறைப்பாகவும் கட்டலாம். (பெண்பிள்ளைகளும் சாரம் கொண்டுபோகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.) மெல்லிய இரட்டைமுனை பிளக் உள்ள சார்ஜர் ஒன்று பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், இத்தாலி எங்கும் பொருந்தும்.

கட்டிய பையோடு குளியலறைத் தராசில் ஏறுங்கள். பிறகு பையில்லாமல் ஏறிக் கழித்துப் பாருங்கள். எட்டுக் கிலோவுக்கு மேல் என்றால் திரும்ப அவிழ்க்க வேண்டும். அதன்பின் நோர்பரி ஸ்ரேசனிலிருந்து லண்டன் ரோட்டால் தோண்டன் ஹீத் பொண்ட் வரை அதைச் சுமந்து நடக்கவிடுங்கள். போய்த் திரும்பும்போது எதை எடுத்து வைப்பது என்று பிள்ளையே சொல்லும்.

குறைக்கவே கூடாதது பத்திரங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் அம்மா நகைக்கு முன் எடுத்தது பிறப்புச் சாட்சிப் பத்திரங்களைத்தான். பிரித்தானியக் கடவுச்சீட்டு, நுழையும் நாளில் பத்து வருடத்துக்கு உட்பட்டதாகவும், வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்கவேண்டும். 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் நிற்க முடியாது.

கூட்டத்தில் ஒரு பிள்ளையிடம் 1951 அகதிகள் உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் பயணப்பத்திரம் இருந்தால், சிநேகிதர்கள் விசா இல்லாமல் போகிறார்கள் என்று அந்தப் பிள்ளையும் கிளம்பிவிடக்கூடாது. அந்தப் பத்திரத்துக்கு ஒரு நாடு விசா கேட்காது, அடுத்த நாடு கேட்கும். போகும் வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டின் தூதரகத்திலும் விசாரியுங்கள். விசாவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், ஆகையால் ரிக்கெற் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.