கட்டிலருகே நிற்கும் பிள்ளைக்கும் உதவி உண்டு

மதுவால் வந்த கல்லீரல் நோய்க்கோ கணைய அழற்சிக்கோ ஒருவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும்போது, அனைவரின் கவனமும் அவர்மீதே குவிகிறது. மருந்துச் சீட்டுடன் மருந்தகத்துக்கு ஓடுவதும், பரிசோதனை முடிவை வாங்கி வருவதும், அம்மா வேலைக்குச் சென்ற நேரத்தில் கட்டிலருகே காத்திருப்பதும் பல குடும்பங்களில் 14, 15 வயதுப் பிள்ளைகள்தாம். “நீ சாப்பிட்டாயா? பள்ளிக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று?” என்று அவர்களைக் கேட்பவர் அரிது. அக்கேள்வியைக் கேட்பதைத் தம் கடமையாகக் கொண்டவர் மருத்துவ சமூகப் பணியாளர்.

குடும்பத்தினர் ஒன்றை உறுதியாக நம்பலாம். தந்தை குடியை நிறுத்தும்வரை பிள்ளைக்கான உதவி காத்திருக்க வேண்டியதில்லை; அது இன்றே தொடங்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகளைச் சுற்றி வாழும் குடும்பங்களுள் பல, வேலைக்காகப் பிற ஊர்களிலிருந்து வந்து வாடகை வீடுகளில் குடியேறியவை. சொந்த ஊராக இருந்தால், அப்பா குடித்துவிட்டு வரும் இரவில் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ சென்று படுத்துக்கொள்ள முடியும். இங்கே பக்கத்து வீட்டாரும் அண்மையில் வந்தவர்களே. அம்மாவுக்கு இரவு ஷிப்ட் வாய்த்த வாரத்தில், ஓர் அறை வீட்டில் குடித்த தந்தையும் பிள்ளைகளும் மட்டுமே எஞ்சுகின்றனர்.

அத்தகைய வீட்டில் வளரும் பிள்ளை வயதுக்கு மீறிய சுமையை ஏற்கிறது. மூத்த மகள் சமையலையும் தம்பியையும் பார்த்துக்கொள்கிறாள். மகன் சண்டையை விலக்க இருவருக்கும் நடுவில் நிற்கிறான். நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதில்லை. காரணம் புலப்படாத வயிற்றுவலி, தலைவலி, தூக்கமின்மை ஆகியவற்றோடு எங்களிடம் வருவோரும் உண்டு. “நான் நன்றாகப் படித்திருந்தால் அப்பா குடித்திருக்க மாட்டார்” என்ற எண்ணமும் பலர் மனத்தில் ஊறியிருக்கிறது.

சமூகப் பணியாளரின் முதல் வேலை இவ்வெண்ணத்தைக் களைவது. மது அடிமைத்தனம் ஒரு நோய். பிள்ளை அதற்குக் காரணமும் அன்று, அதைக் குணப்படுத்தும் பொறுப்பும் பிள்ளைக்கு இல்லை. இதைத் தனிமையில், பெற்றோர் அருகில் இல்லாதபோது, பொறுமையாகச் சொல்கிறார். பிள்ளை சொல்வதை அவர் வெளியே சொல்வதில்லை. வன்முறை, பாலியல் துன்புறுத்தல், தற்கொலை எண்ணம் போன்ற ஆபத்து இருந்தால் மட்டும் உரியவர்களிடம் தெரிவிப்பார். இவ்விதிவிலக்கையும் முதல் சந்திப்பிலேயே கூறிவிடுவார்.

அடுத்தது பாதுகாப்புத் திட்டம். பெற்றோரின் ஷிப்ட் அட்டவணையை வைத்துக்கொண்டு, எந்த வாரம் எந்த இரவு ஆபத்தானது என்று பிள்ளையுடன் சேர்ந்து கணிக்கிறார். அன்று எந்த வீட்டுக்குச் செல்வது, யாரை அழைப்பது, பாடப்புத்தகங்களை எங்கே வைப்பது என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். சண்டையின் நடுவே செல்லக் கூடாது. குடித்தவர் ஓட்டும் இருசக்கர வண்டியில் ஏறக் கூடாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஓடும் கனரக வாகனங்களை நினைத்தால் இவ்விதியின் அவசியம் விளங்கும்.

மருத்துவன் என்ற முறையில் இரண்டு எச்சரிக்கைகளை நான் சேர்க்கிறேன். குடியை நிறுத்தும் மருந்தை உணவில் இரகசியமாகக் கலக்கும் வேலையைச் சில வீடுகளில் பிள்ளையிடம் ஒப்படைக்கின்றனர். டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அடுத்து, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை வீட்டில் அடைத்துத் திடீரென நிறுத்த வைத்தால், முதல் மூன்று நாள்களுக்குள் வலிப்போ மனக்குழப்பமோ வரக்கூடும். இரண்டும் மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டியவை.

சிகிச்சையைத் தடுப்பது பெரும்பாலும் வேலை போய்விடும் என்ற அச்சம். ஈ.எஸ்.ஐ. காப்பீடு ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் பொருந்தும். மாத ஊதிய உச்சவரம்பு 21,000 ரூபாய். பெரிய ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்பது சட்டம். நோயாளி இசைந்தால், சமூகப் பணியாளர் அவ்வலுவலரிடம் பேசி விடுப்புக்கு வழி கேட்பார். குடும்பச் செலவுக்காகப் படிப்பை நிறுத்த எண்ணும் பிள்ளைக்காகப் பள்ளியுடனும், தேவையானால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுடனும் தொடர்பு கொள்வார்.

குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்ற கருத்துக்குத் தமிழகத்திலேயே முன்னோடி உண்டு. கணவரை மது நோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிப்பவருக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் தனிப் பயிற்சி அளித்து வருகிறது.

மதுநோயாளியின் பிள்ளைக்கு அந்நோய் வரும் இடர் மற்றவரைவிடக் கூடுதல் என்பது உண்மை; ஆனால் அது தலைவிதி அன்று. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களுள் குடிநோயாளிப் பெற்றோரின் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் 18 வயதுவரை கடுமையான சிக்கல் ஏதுமின்றி வளர்ந்திருந்தனர். இடர் மிகுந்த சூழலிலிருந்து மீண்ட பிள்ளைகளின் வாழ்வில் நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரேனும் இருந்தார். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் ஆசிரியர், ஒரு சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என யாரேனும் ஒருவரைக் கண்டறிந்து பிள்ளையோடு இணைப்பதே சமூகப் பணியாளரின் மிகப் பெரிய உதவி.

வீட்டில் உள்ளோர் செய்யத்தக்கவை எளியவை. மதுக்கடைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. “அப்பாவுக்குக் காய்ச்சல்” என்று பொய் சொல்ல வைக்காதீர்கள். இரவு உணவு, தேர்வு நாள், பிறந்தநாள் போன்ற சிறு ஒழுங்குகளை இயன்றவரை தவறவிடாதீர்கள்.

குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416 ஆகிய இரண்டும் இரவும் பகலும் இயங்கும் கட்டணமற்ற எண்கள். பிள்ளையே நேரடியாக அழைக்கலாம். உள்நோயாளிப் பிரிவில் இருப்போர், “சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும்” என்று செவிலியரிடம் சொன்னால் போதும். நோயாளியின் சம்மதத்துக்காகக் காத்திராமல், பிள்ளைக்காக மட்டும்கூட அவ்வாறு கேட்கலாம்.