திருகு முடுக்குமுன் ஒரு வார்த்தை

மோட்டார் பட்டறைகளிலும் லேத் கூடங்களிலும் டிராயர் வைத்த சக்கர டூல் பாக்ஸ் ஒன்று வந்து இறங்கிய மறுவாரமே அதன் தலைமேல் ஒரு மரப்பலகை ஏறிவிடுகிறது. தனியாக மேஜை போட இடமில்லாத கூடத்தில் அது இயற்கைதான், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், அந்தப் பலகையை ஏற்றும் விதத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியத்தையும், விபரீதம் நேர்ந்த பிறகு சம்பந்தமில்லாத வாசலில் மனுவும் கையுமாக நிற்கும் பரிதாபத்தையும் கோயமுத்தூர்ப் பக்கத்தில் கண்டு கண்டு அலுத்துப்போனதால் இதை எழுத நேர்ந்தது.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், இடித்த வீட்டின் தேக்குக் கதவைச் சல்லிசாக வாங்கி அறுத்து, பெட்டியின் மேல்தகட்டைத் துளைத்து மூன்றங்குலத் திருகுகளால் முடுக்கினார். முன்பக்கம் அரையடி நீட்டிவிட்டு, அந்த நீட்டலின் மூலையில் வைஸையும் பூட்டினார். திருகு ஒன்றின் முனை மேல் டிராயருக்குள் இறங்கி அதை மறித்தது. ஒரு நாள் கீழ் டிராயர் திறந்தபடி இருக்க, மேல் டிராயரைப் பலங்கொண்டு இழுத்தார். பெட்டி முன்னால் சாய்ந்தது, வைஸ் இருந்த மூலை அவர் கால் பெருவிரலில் விழுந்தது. முன்சக்கரம் ஒன்றில் வாங்கிய வாரத்திலேயே விரிசல் கண்டிருந்ததாம். அதைக் கடைக்காரரிடம் வாயால் சொன்னதோடு சரி, எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது கடைக்காரர் சொன்ன பதில் ஒரே வரி: "ஓட்டை போட்டது நீங்கதானே?"

அந்த ஒரு வரிக்குச் சட்டத்தின் துணை உண்டு என்பதை எவரும் அறிவதில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் தவறாகப் பிரயோகிக்கப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால், அதை விற்றவர்மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர இடமில்லை என்கிறது. ஆகவே, பெட்டியில் துளை போடாதீர்கள். பெட்டி வந்த அன்றே சக்கரம், பிரேக், பூட்டு, டிராயர் ஓட்டம் அனைத்தையும் பார்த்து, குறை இருந்தால் போட்டோவுடன் எழுத்து மூலம் கடைக்குத் தெரிவித்து, அது தீர்ந்த பிறகே பலகையைப் பற்றி யோசியுங்கள்.

துளையின்றிப் பலகை நிற்குமா என்று கேட்பார்கள். நிற்கும். பாத்திரத்தின்மேல் மூடி உட்காருவதுபோல், பலகையின் அடியில் இரு பக்கமும் பின்புறமும் சட்டம் அடித்து, பெட்டியின் விளிம்பைக் கவ்வும்படி இறக்கி, நடுவே ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுவிட்டால் அசையாது. முன்பக்கம் சட்டம் வேண்டாம், மேல் டிராயரை மறிக்கும். மூன்றடிக்கு ஒன்றரையடி அளவில் 25 மி.மீ. பிளைவுட் ஏறத்தாழ 7 கிலோ; அதே அளவில் இரண்டங்குலத் தேக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. பெட்டி, கருவிகள், பலகை, வைஸ், மேலே வைக்கும் எஞ்சின் பாகம் எல்லாவற்றையும் கூட்டி, அந்தப் பாரத்தை நான்கு சக்கரத்துக்கு அல்ல, மூன்று சக்கரத்துக்கே வகுத்துப் பாருங்கள். மேடு பள்ளமான தரையில் நான்காவது சக்கரம் பல சமயம் அந்தரத்தில்தான் நிற்கும். வைஸை நீட்டலில் பூட்டாமல் சக்கரத்துக்கு நேர்மேலே, பலகையோடு மட்டும் பூட்டுங்கள். கனமான கருவிகள் கீழ் டிராயரில். ஒரு சமயத்தில் ஒரே டிராயர். இதை மறுபடியும் சொல்கிறேன்: ஒரு சமயத்தில் ஒரே டிராயர்.

பலகைக்கு எண்ணெயோ வார்னிஷோ பூசினால் அடிப்பக்கத்துக்கும் பூசவேண்டும். மேலே மட்டும் பூசினால் அடிப்பக்கம் மழைக்கால ஈரத்தைக் குடித்துப் பலகை குழிந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தச் சுருள் தானே சூடேறித் தானே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

இனி, குறையுள்ள பெட்டியை விற்றுவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால் என்ன செய்வது? மேற்சொன்ன மெக்கானிக் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போனார். மனு ஓர் அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்பட்டு, "பரிசீலனையில் உள்ளது" என்ற காகிதமாகத் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. அத்தனை மேஜைகளில் ஒருவருக்காவது, இது போகவேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; பல கடைகள் அதற்கே இறங்கி வரும். வராவிட்டால், குறை இன்னது, கேட்பது மாற்றுப் பொருளா பணமா, பதினைந்து நாளில் பதில் வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் எழுதி, தபாலில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் புகார் மனு, சம்பவங்களின் தேதி வரிசை, பில் நகல், வாரண்டி கார்டு, நோட்டீஸ் நகல், போட்டோ, பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

ஒரு வாக்கியம் மட்டும் மனுவின் முதல் பாராவிலேயே இருக்கட்டும்: சொந்த உழைப்பால் ஜீவனம் நடத்துவதற்காகவே இப்பொருளை வாங்கினேன் என்பது. வர்த்தக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு முதல் நாளே எழுப்பும் ஆட்சேபத்துக்கு, சட்டமே அளித்திருக்கும் பதில் அதுதான்.

இவ்வளவும் பில் இருந்தால்தான் எளிது. வரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பில் வேண்டாம் என்பவர், சில நூறு ரூபாய்க்காகத் தம் கையிலிருக்கும் பிரதான சாட்சியத்தையே விட்டுக்கொடுக்கிறார்.

காலக்கெடு, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷம். மேலே சொன்ன மெக்கானிக்குக் காலுக்கு இல்லாவிட்டாலும் விரிசல் விட்ட சக்கரத்துக்காவது கேட்க இன்னும் நான்கு மாதம் மிச்சமிருக்கிறது. பில்லைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.