7 அங்குலம் குள்ளமான கேப்டன்!

ஆறடிக்கு மேல் உயரம். கட்டுமஸ்தான உடல். அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் 1918-ல் அப்படி இருந்தார். சில ஆண்டுகளில் 7 அங்குலம் குள்ளமாகிவிட்டார்! எலும்புகள் அடிக்கடி முறிந்தன.

என்ன காரணம்? நம் கழுத்தில் பயறு அளவில் 4 பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அவருக்கு அதில் ஒன்றில் கட்டி. அது அளவுக்கு மீறிச் சுரந்து, எலும்பின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்தது.

ஆறு ஆபரேஷனிலும் கட்டி சிக்கவில்லை. 1932-ல், ஏழாவது ஆபரேஷனில், அது மார்புக்குள் அகப்பட்டது. அதற்குள் சிறுநீரகம் கெட்டிருந்தது. சில வாரங்களில் இறந்தார்.

அவரிடம் டாக்டர்கள் கற்றது வீண்போகவில்லை. இன்று ரத்தப் பரிசோதனையிலேயே இந்நோய் தெரிந்துவிடும்.

வைட்டமின் 'டி' குறைந்தாலும் இதே சுரப்பிகள் அதிகம் சுரந்து எலும்பை அரிக்கும். உடலில் வெயில் பட்டால் அந்த வைட்டமின் உண்டாகும்.

எலும்பு வலி விடவில்லையா? 'வயதாகிவிட்டது' என்று சும்மா இருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்!