தோட்டமும் கண்ணோட்டமும்

கடவுள் முதல் மனிதனைக் குடியமர்த்திய இடம் ஒரு தோட்டம் என்று விவிலியம் கூறுகிறது. அதன் நடுவே வாழ்வின் மரம் நின்றது. ஏதேனிலிருந்து பாய்ந்த ஆறு நான்காகப் பிரிந்தது. நடுவும் பிரிவும் கொண்ட ஓர் ஒழுங்கு, முதல் தோட்டத்திலேயே இருந்ததை நாம் காண்கிறோம்.

விதவிதமான செடிகளை வாங்கி நட்டுவிட்டால் தோட்டம் அழகாகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நூறு சொற்களைக் கொட்டி வைத்தால் கட்டுரை ஆகிவிடுமா? சொற்களுக்கு இலக்கணம் இருப்பது போலக் காட்சிக்கும் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தின் நான்கு விதிகளைப் புகழ்பெற்ற சில தோட்டங்களின் துணைகொண்டு அறிவோம்.

முதலாவது, கண்ணுக்கு ஒரு வழி வேண்டும். பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னருக்காக வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தை அமைத்தவர் ஆந்த்ரே லெ நோத்ர். அரண்மனையிலிருந்து புறப்படும் நேர்கோடு ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள கால்வாய் வழியே தொடுவானம் வரை நம் பார்வையை அழைத்துச் செல்கிறது. இருப்புப்பாதையின் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தோன்றுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? இருபுறமும் வரிசையாக நிற்கும் மரங்களும் அவ்வாறே தோன்றி, காட்சிக்கு ஆழம் தருகின்றன.

இரண்டாவது, வழியில் செல்லும் கண் தங்குவதற்கு ஒரு மையப்பொருள் வேண்டும். ஆக்ராவில் ஷாஜகான் 1632-இல் கட்டத் தொடங்கிய தாஜ்மகாலின் தோட்டத்தை நீர்க்கால்வாய்கள் நான்காகப் பிரிக்கின்றன. கல்லறை மாளிகையோ தோட்டத்தின் நடுவில் இல்லாமல், வடக்குக் கோடியில் யமுனைக் கரையில் நிற்கிறது. வாயிலைக் கடந்து நடக்கும் ஒவ்வோர் அடியும் நம்மை அதை நோக்கியே இட்டுச் செல்கிறது. தோட்டம் முழுவதும் அந்த ஒன்றுக்காகவே காத்திருக்கிறது எனலாம்.

மூன்றாவது சமநிலை. தாஜ்மகாலின் மேற்கே ஒரு மசூதி உண்டு. அதற்கு ஈடாகக் கிழக்கே அதே தோற்றத்தில் மற்றொரு கட்டடம் எழுப்பினர். அதன் பெயரே 'ஜவாப்', அதாவது 'விடை'. இது இருபக்கமும் ஒத்த சமநிலை. ஒவ்வாத சமநிலையும் உண்டு. ஜப்பானில் கியோட்டோ நகரிலுள்ள ரியோவான்ஜி ஆலயத்தில், வெண்சரளை பரப்பிய முற்றத்தில் 15 கற்கள் ஐந்து குழுக்களாக வைக்கப்பட்டுள்ளன. ஒன்று போல் மற்றொன்று இல்லை. எனினும் பெரிய கல்லின் பளுவை அருகிலுள்ள வெற்றிடம் தாங்கிக்கொள்கிறது. தாழ்வாரத்தில் எங்கு அமர்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்தே இருக்கும்!

நான்காவது விதி மறைத்தல். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர் பரப்புடையது. 1858-இல் நடந்த போட்டியில் வென்று அதை வடிவமைத்த ஆம்ஸ்டெட், வாக்ஸ் என்னும் இருவரும், பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தினர். புல்வெளியில் உலாவுவோரின் கண்ணில் வண்டிகள் படாமல் நகரமே மறைந்துபோகிறது. ஏழையும் செல்வரும் ஒன்றாக இளைப்பாறும் இடமாக அது விளங்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம்.

ஆனால் அந்த நிலத்திலிருந்து மறைந்தவை சாலைகள் மட்டுமல்ல. அங்கே செனெகா கிராமம் என்றொரு குடியிருப்பு இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள் அங்குச் சொந்த வீடுகளும், மூன்று கோயில்களும், ஒரு பள்ளியும் அமைத்து வாழ்ந்தனர். பூங்காவுக்காக 1857-இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். பூங்கா நிலம் முழுவதிலும் இருந்து அவ்வாறு சென்றவர் ஏறத்தாழ 1,600 பேர்.

இவ்விதிகளை நம் வீட்டு முற்றத்திலும் பள்ளி வளாகத்திலும் எளிதாகக் கையாளலாம். மாதா கெபியைச் சுற்றிப் பல வண்ணத் தொட்டிகளை நெருக்கி வைத்தால், கண் தொட்டிகளில் சிதறி, மாதாவைக் காணாமலே திரும்பிவிடும். கெபிக்குச் செல்லும் பாதையின் இருபுறமும் ஒரே வகைச் செடியை, நந்தியாவட்டையையோ குரோட்டன்ஸையோ, வரிசையாக நட்டு, முன்னே சிறிது வெற்றிடம் விட்டால் போதும். பழைய வேப்பமரம் ஒன்று அருகில் நின்றால் அதை வெட்ட வேண்டாம். அதன் நிழலே காட்சிக்குப் பின்திரையாகும்.

அழகான காட்சி ஒன்றைக் காணும்போது, "இங்கே எதைக் காட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்கக் கற்றுக்கொள்வோம். கூடவே, "எதை, யாரை மறைத்திருக்கிறார்கள்?" என்றும் கேட்போம். நகரை அழகுபடுத்துவதற்காகக் குடிசைகளை அகற்றும் செய்தியை நாளிதழில் படிக்கும்போதும் இக்கேள்வி நம் நெஞ்சில் எழ வேண்டும். பிறரை அப்புறப்படுத்தாமல் அழகைப் படைக்கும் கண்ணும் கருணையும் நமக்கு வாய்க்கட்டும்!