மெத்தைக்கு வைத்தியம்

செஞ்சி நாட்டுக்குப் படுக்கை விஷயத்தில் பழம்பெருமை ஒன்று உண்டு. செஞ்சியை அடுத்த தொண்டூர்க் குன்றில், சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகளை இன்றும் காணலாம். அவற்றை வெயிலில் உலர்த்த வேண்டியதில்லை. உள்ளே கட்டி தட்டிப்போகுமே என்ற கவலையும் இல்லை. இல்லறத்தாராகிய நமக்கு அந்த வைராக்கியம் ஏது? மெத்தை, தலையணை, நாற்காலித் திண்டு என்று பஞ்சை நம்பியே வாழ்கிறோம். சில வருஷங்களில் பஞ்சு நம்மைப் பழிவாங்கிவிடுகிறது.

சென்ற கோடை விடுமுறையில், தளவானூரில் உறவினர் ஒருவர் இல்லத்தில் சில தினங்கள் தங்கினோம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்ம பல்லவன் குன்றைக் குடைந்து, சத்ருமல்லேசுவராலயம் என்னும் சிவாலயத்தை அமைத்த ஊர் அது. குகைக் கோயிலைத் தரிசித்துத் திரும்புகையில், தெருக்கோடியில் "டொய்ங், டொய்ங்" என்று ஒரு நாதம் எழுந்தது. யாழுமன்று, வீணையுமன்று, பஞ்சு கொட்டும் பெரியவர் ஒருவருடைய வில்!

உறவினர் வீட்டு மெத்தைதான் மரத்தடியில் வயிறு கிழிந்து கிடந்தது. பெரியவர் இடக்கையில் வில்லைப் பிடித்து, அதன் நரம்பு பஞ்சுக் குவியலில் படும்படி தாழ்த்தினார். இரு தலையும் பருத்து நடு ஒடுங்கிய மரக்கட்டையால் நரம்பைத் தட்டினார். அதிரும் நரம்பு பஞ்சைக் கவ்வி, இழை இழையாகப் பிரித்து அப்பால் வீசிற்று. மண்ணும் தூசும் கீழே உதிர்ந்தன. கருங்கல் போலிருந்த கட்டி, நம் கண்ணெதிரே மேகமாயிற்று. நற்றிணையின் 299-ஆம் செய்யுளில், காற்று மோதிச் சிதறும் கடலலைக்கு வில்லால் அடித்த பஞ்சு உவமையாக வருகிறது. பலமுறை படித்திருந்தும் அந்த உவமை அன்றுதான் நமக்கு முழுவதும் விளங்கிற்று.

நம் வீட்டுத் திண்டு ஒன்றைச் சோப்பு நீரில் முழுசாக முக்கி எடுத்து, ஒரு வாரம் உலர்த்தியும் பூசணம் பிடித்த சங்கதியைச் சொன்னோம். பெரியவர் சிரித்துவிட்டார்.

"உறையைத்தான் குளிப்பாட்டலாம், வாத்தியாரையா. பஞ்சுக்கு வெயிலும் காற்றுமே ஸ்நானம்."

விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. பருத்தி இழை ஈரத்தை வெகு ஆவலுடன் உறிஞ்சும் பொருள். நம் வியர்வையைக் குடித்து, நம் பாரத்தால் நசுங்கி, ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுகிறது. தண்ணீரில் முக்கினால் மேலே உலர்ந்தாலும் நடுவில் ஈரம் தங்கிவிடும். மெத்தையின் மென்மை, இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றிலல்லவா இருக்கிறது? வில் செய்வது, தூசைக் கழித்துக் காற்றைத் திரும்பப் புகட்டும் காரியமே. இலவம் பஞ்சுக்கு மாத்திரம் இந்தச் சிகிச்சை ஆகாது. அதன் இழை எளிதில் ஒடிந்து பொடியாகிவிடும். வெயிலில் காயவைத்துக் கையால் உதிர்த்துவிடுவதே நலம். நகரங்களில் சோபாக்களைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் நுரையைத் தெளித்துத் தேய்த்து, அழுக்கு நீரை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கிறார்கள். அவர்களுக்கும் முதல் விதி, உள்ளே ஈரம் தங்கலாகாது என்பதே.

நிற்க. மெத்தையை விட்டுப் போன தூசு எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. பெரியவர் பத்துத் தட்டுக்கு ஒரு தரம் இருமிக்கொண்டிருந்தார். இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலிலேயே, சணல் முதலிய நார்களைச் சீவுகிறவர்களின் இருமலைக் குறித்திருக்கிறார். பஞ்சுத் தூசு மூச்சுக் குழல்களைச் சுருக்கி, நாளடைவில் நுரையீரலைக் கெடுத்துவிடும். ஆலைகளில், விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பை இறுக்கிப் பிடிப்பது இந்நோயின் அடையாளம். ஆலையிலாவது தூசை உறிஞ்சும் விசிறி வைக்கலாம். மரத்தடியில் யார் வைப்பார்?

இதற்குள் உறவினர் கூலியைக் குறைக்கப் பேரம் தொடங்கிவிட்டார். நமக்குச் சத்திய சோதனை நினைவுக்கு வந்தது. ஆசிரமத்து ராட்டைக்குப் பஞ்சு கொட்டித் தர ஆள் தேடியபோது, கிடைத்தவர் மாதம் 35 ரூபாய் கேட்டாராம். அப்போது எந்த விலையும் அதிகமென்று தமக்குத் தோன்றவில்லை என்று காந்தியடிகள் எழுதுகிறார். இதை உறவினரிடம் சொன்னோம். "காந்தி கணக்கெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லுங்கள்" என்றார். ஆனால், வெட்கப்பட்டோ என்னவோ, கேட்ட கூலியையே கொடுத்தார்.

அந்தி சாய்வதற்குள் பஞ்சை உறையில் நிரப்பி, நீள ஊசியால் குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டு, பெரியவர் மெத்தையை வாசலில் கிடத்தினார். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளும்படி சொல்லி, மெல்லிய துணி ஒன்றை அவரிடம் கொடுத்தோம். அவர் அதை உதறிப் பார்த்தார். நல்ல துணி என்று மெச்சினார். பிறகு தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு, வில்லைத் தோளில் மாட்டிப் புறப்பட்டுவிட்டார்.